பிஜிலிக்கு வால் கட்டின ஞாயித்துக்கெழம

மணி அடிச்சாச்சு

ரெண்டாவது ரவுண்டுக்கு மணி அடிச்சாங்க. அந்தச் சத்தம் காத விட்டுப் போறதுக்குள்ள பிஜிலி ஏரிக்கு நடுவுல நின்னுச்சு. ஏரின்னதும் தண்ணிய நெனச்சுக்காதீங்க. மழ ஏமாத்துனதுல காஞ்சு கட்டாந்தரையா கெடந்த ஏரி. அதுலதான் போலோ மேட்ச். ஹாக்கி மாதிரிதான், ஆனா குதிரை மேல உக்காந்துக்கிட்டு நீள மட்டையால பந்த அடிக்கணும். பிஜிலி எங்க பண்ணைக் குதிரை, அது எந்த டீமும் கெடையாது. அது மேல இருந்த கோமதி டீச்சர், லீவுக்குக் குதிரை ஓட்டிப் பழகலாம்னு எங்ககிட்ட வந்த கஸ்டமர். வெள்ளிக்கெழம வரைக்கும் குதிரைய தொட்டுக்கூட பாத்ததில்ல.

ப்ளான் என்னன்னா, கஸ்டமருங்க எல்லாம் கரையோரம் புளியமரத்து நெழல்ல குதிரை மேல உக்காந்தபடியே ராஜா ராணி மாதிரி மேட்ச் பாக்கணும். பிஜிலியோட கயித்த நான்தான் புடிச்சிருந்தேன். மணி அடிச்சதும் ஒரே இழுப்பு. கயிறும் இல்ல, குதிரையும் இல்ல, டீச்சரும் இல்ல. இந்தத் தொழில்ல ஆள மேல ஏத்தறது ஒரு வேலையே இல்லீங்க. எறக்கற வரைக்கும் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கறதுதான் வேல.

நான் கத்திக்கிட்டே எறங்கி ஓடறேன். டீச்சர் கத்தவே இல்ல. சேணத்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசர் மாதிரி நிமுந்து உக்காந்திருக்காங்க. ஊரு சனம் பூரா எந்திரிச்சு நின்னுடுச்சு. எருது விடும் விழாவுக்கெல்லாம் மைக் புடிக்கற குமாருதான் அன்னிக்கு கமென்ட்ரி. அவன் மைக்குலயே கேட்டான்: "ஏங்க, அந்தச் சுடிதார் அம்மா எந்த டீமுங்க? எங்கிட்ட பேரே குடுக்கலியே."

பிஜிலிங்கறது யாருன்னா

முழுசா சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போவணும். பாப்பாரப்பட்டி ரோட்டுல இருந்து உள்ள திரும்புனா ஒரு மாந்தோப்பு வரும். அதுக்குள்ளதான் எங்க பண்ணை. ஓனரு முருகேசண்ணன் மாங்கா யாவாரி. ஒரு தடவ பெங்களூருக்கு லோடு எறக்கப் போனவரு, ஆடி முடிச்சு ஓய்வு குடுத்த போலோ குதிரைங்கள ஒரு எடத்துல கட்டி வச்சிருந்தத பாத்துட்டாரு. லாரி காலியா திரும்ப வேணாமேன்னு ஏத்தியாந்துட்டாரு. வூட்டுல அண்ணி ரொம்ப நாளு அவருகிட்ட பேசலியாம். அப்புறம் குதிரைங்களுக்கும் ஒரு வேல வேணும்ல, அதுக்காக ஆரம்பிச்சதுதான் இந்த லீவு சவாரி. வெள்ளி, சனி குதிரை ஓட்டக் கத்துக்கலாம், ஞாயித்துக்கெழம ஏரியில போலோ பாக்கலாம். நான் ரைடிங் கைடு. பேரு ஜெனி. பக்கத்து ஊருதான். எங்கப்பாவுக்கு இன்னும் நான் என்னா வேல பாக்கறேன்னு வெளிய சொல்ல வாய் வரல, கம்ப்யூட்டர் கம்பெனின்னு சொல்லிக்கிட்டிருக்காரு.

வந்த குதிரைங்கள்ல பிஜிலி மட்டும் ஒத்து வரல. சாம்பலும் வெள்ளையுமா அத்தன அழகு. ஆனா எவனாவது ஏறுனா போதும், குறுக்கால நடந்து, தலைய ஆட்டி, வேலியில ஒரசி எறக்கி விட்டுரும். சும்மா நின்னு தின்னுது. அதனால சேலத்துல மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடற பழனிங்கறவருக்குக் குடுத்துடலாம்னு அண்ணன் முடிவு பண்ணிட்டாரு. பழனி ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டு ஓட்டிட்டுப் போறதா பேச்சு. தார் ரோட்டுல, சரவெடிக்கு நடுவுல, ஜிகினா துணிய மாட்டிக்கிட்டு அது நிக்கறத என்னால நெனச்சுப் பாக்க முடியல. இந்த ட்ரிப்புல ஒரு கஸ்டமராச்சும் பிஜிலிய ஒழுங்கா ஓட்டிட்டா வச்சுக்கலாமான்னு அண்ணன்கிட்ட கெஞ்சுனேன். அவரு பிஜிலிய பாத்தாரு, பிஜிலி அவர பாத்துச்சு. "குதிரைன்னா ஒண்ணு ஆள சுமக்கணும், இல்ல சாமிய சுமக்கணும். இது ரெண்டும் பண்ணாம என்ன மொறைச்சுக்கிட்டே நிக்குது. பாக்கலாம் போ."

கடைசி பெஞ்சு

வெள்ளிக்கெழம வந்தவங்க மூணே பேரு. பெங்களூர்ல இருந்து புதுசா கல்யாணம் ஆன ஒரு ஜோடி. பையன் பேரு பிரதீப். பூட்ஸு, கையுறை, இடுப்புல கேமராவுன்னு குதிரைய தவிர எல்லாம் கொண்டாந்திருந்தாரு. மூணாவது ஆளு கோமதி டீச்சர். தாம்பரத்துல ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து அப்பதான் ரிட்டயர் ஆயிருந்தாங்க. அவங்க பொண்ணு பரிசா புக் பண்ணிக் குடுத்திருக்குது. கோயில் டூருன்னு நெனச்சுக்கிட்டுதான் வண்டி ஏறுனாங்களாம். சுடிதாரு, ஸ்போர்ட்ஸ் ஷூ, கையில ஒரு ஹேண்ட்பேக். பேகு நெறைய பன்னு.

டீச்சருக்கு நான் சுப்பிரமணிய எழுதி வச்சிருந்தேன். அதுவும் குதிரைதான், ஆனா சோபா மாதிரி. தூக்கத்துலயே நடக்கும். டீச்சர் அத ஒரு பார்வை பாத்துட்டு நேரா பிஜிலி முன்னாடி போயி நின்னுட்டாங்க. பிஜிலி காத பின்னாடி சாச்சு மொறைச்சுது. டீச்சரும் மூக்குக்கண்ணாடிய எறக்கி விட்டு மொறைச்சாங்க. ரெண்டு பேரும் பார்வைய எடுக்கவே இல்ல. கடைசியில பிஜிலிதான் திரும்பிக்கிட்டு புல்லு தின்ன ஆரம்பிச்சுது. நான் எதிர்பாத்தது ஒரு பலசாலி ஆம்பள கஸ்டமர. வேணாங்க டீச்சர், இது கொஞ்சம் அடங்காதுன்னு இழுத்தேன். டீச்சர் ஹெல்மெட்டு வாரை இறுக்கிக்கிட்டே சொன்னாங்க: "இது கடைசி பெஞ்சும்மா. நான் இதுங்க கூடத்தான் குடும்பம் நடத்துனேன்."

முனியப்பனும் மாதாவும்

குதிரைங்கள பாத்துக்கறது மாதையண்ணன். பெங்களூர்ல குதிரை லாயத்துல வேல பாத்துட்டு ஊருக்கு வந்தவரு. குதிரைங்ககிட்ட கன்னடத்துல கொஞ்சுவாரு, எங்ககிட்ட தமிழ்ல திட்டுவாரு. பிஜிலி மேல அவருக்கு உசுரு. டீச்சர் ஏறப் போறாங்கன்னதும் ஓடிப்போயி சேணத்து வளையத்துல ஒரு எலுமிச்சம்பழமும் காஞ்ச மொளகாயும் கட்டி விட்டாரு, முனியப்பனுக்குக் கெடா வெட்டறதா வேண்டிக்கிட்டாரு. நான் கழுத்துல இருந்த மாதா படத்த புடிச்சுக்கிட்டேன். சேந்து ஏத்தி விட்டோம்.

பிஜிலி வழக்கம் போல குறுக்கால ஒரு ஆட்டம் போட்டுச்சு. மத்தவங்கன்னா பயந்து கடிவாளத்த இழுப்பாங்க, தொடையால அமுக்குவாங்க, அதுல இது இன்னும் கிறுக்காவும். டீச்சருக்கு அதெல்லாம் தெரியாது. ஒண்ணுமே பண்ணல. கொரல உயத்தாம, "ஆடாத"ன்னாங்க. பிஜிலி நின்னுச்சு. காது ரெண்டும் முன்னாடி வந்துச்சு. அப்புறம் பாத்தா நடக்குது. வேலி போட்ட மைதானத்த சுத்திச் சுத்தி கோயில் தேராட்டம் நடக்குது. மாதையண்ணன் என் பக்கத்துல வந்து ரகசியமா கேட்டாரு, கெடா நானு வேண்டிக்கிட்டேன், நடந்தது உங்க மாதாவாலயா இருந்தா கெடாவ நிறுத்திக்கலாமான்னு. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள அவரே முடிவு பண்ணிக்கிட்டாரு: "வேணாம் பாப்பா, வெட்டிடறேன். மாதா கோவிச்சுக்கமாட்டாங்க, முனியப்பன் கோவிச்சுக்குவாரு."

டவுன் பஸ்ஸு

சனிக்கெழம காலைல வெளிய கூட்டிட்டுப் போனோம். மாம்பூ வாசம், சாமந்திக் காடு, மண் ரோடு. கேக்கவே சொகமா இருக்கும், ஆனா நடுவுல கொஞ்ச தூரம் தார் ரோட்டுல போயித்தான் ஆவணும். ரோடு ஒடுக்கம். பின்னாடி டவுன் பஸ்ஸு வந்துருச்சு. டிரைவரு தங்கமான ஆளு, குதிரை மெரண்டுரும்னு ஆரன் அடிக்காம மாட்டு வண்டி வேகத்துல பின்னாலயே வர்றாரு. ஆனா உள்ள இருந்த சனம் சும்மா இருக்குமா. பஸ்ஸு ஊருதுன்னு தெரிஞ்சதும் ஒவ்வொருத்தரா எறங்கி செல்ஃபி எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. கொஞ்ச நேரத்துல பஸ்ஸு காலி, ரோட்டுல திருவிழா.

(இருங்க, தொட்டிகிட்ட ஏதோ சத்தம். வந்துட்டேன். சுப்பிரமணிதான், பக்கெட்டுக்குள்ள மூஞ்சிய விட்டுட்டு எடுக்கத் தெரியாம நின்னுக்கிட்டிருக்கான்.)

பிரதீப்பு கேமராவ நீட்டிக்கிட்டு எல்லாருக்கும் போஸ் குடுக்கறாரு. டீச்சர் மட்டும் கூட்டத்த பாத்து, வரிசையா நில்லுங்க, தள்ளாதீங்கன்னு அதட்டறாங்க. சொன்னா நம்பமாட்டீங்க, வரிசையா நின்னாங்க. பிஜிலி இத்தன கூச்சல்லயும் வால் கூட ஆட்டல. எனக்கு உள்ளுக்குள்ள பாட்டு ஓடுது. ரெண்டு நாளா ஒரு கோளாறும் இல்ல, இனி அண்ணன் மனசு மாறிடும்னு. கண்டக்டரு விசில ஊதி ஊதிப் பாத்துட்டு கீழ எறங்கி வந்தாரு. "டிக்கெட்டு எடுத்தவங்க எல்லாம் பஸ்ஸுல ஏறுங்க, குதிரை ஏறுனவங்க எல்லாம் ஓரமா போங்க, ரெண்டுலயும் இல்லாதவங்க தயவுசெஞ்சு வூட்டுக்குப் போங்க."

ஒகேனக்கல் எண்ணெ

மொத நாளு குதிரை ஓட்டுனவங்களுக்கு மறுநாளு தொடை எங்க இருக்குதுன்னு நல்லாத் தெரியும். சனிக்கெழம மத்தியானத்துக்கு மேல பிரதீப்பால உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. பீப்பாய கவட்டைக்குள்ள வச்சுக்கிட்ட மாதிரி ஒரு நடை. அவரு வூட்டுக்காரம்மா சிரிப்ப அடக்க முடியாம மரத்துக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டாங்க. ஒகேனக்கல்ல எண்ணெ தேச்சு உருவி விட்டா சரியாயிரும்னு எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன்.

டீச்சர் பாறை மேல சம்மணம் போட்டு உக்காந்து மீன் வறுவல் தின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்கு ஒரு வலியும் இல்ல. இத்தன வருசம் கிளாஸ்ல நின்ன காலு இதுன்னாங்க. மசாஜ் பண்ற அண்ணன் பிரதீப்ப குப்புறப் படுக்க வச்சு, எங்க விழுந்தீங்கன்னு கேட்டாரு. விழலீங்க, குதிரை மேல உக்காந்தேன்னாரு பிரதீப்பு. அவருக்கு நம்பிக்கை வரல. குதிரை ஒதைச்சுதான்னு கேட்டாரு, இல்ல. கடிச்சுதான்னு கேட்டாரு, அதுவும் இல்ல. எண்ணெக் கிண்ணிய கீழ வச்சுட்டாரு. "அருவியில பாறை மேல வழுக்கி விழுந்தவனுக்கே இவ்ளோ எண்ணெ புடிக்கல சாரு. சும்மா உக்காந்ததுக்கா இது?"

அண்ணன் எடுத்த வீடியோ

சாயந்தரம் திரும்பி வந்து, டீச்சர் பிஜிலிய ஒருதரம் சுத்தி ஓட்டுனாங்க. முருகேசண்ணன் வேலியோரமா நின்னு போன்ல வீடியோ எடுத்துக்கிட்டிருந்தாரு. மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சு கிட்ட ஓடுனேன். பாத்தீங்களாண்ணா, நான்தான் சொன்னேன்ல, பச்ச மண்ணு மாதிரி இருக்குது பாருங்கன்னு மூச்சு விடாம பேசறேன்.

அவரு வீடியோவ அனுப்பிக்கிட்டே தலைய ஆட்டறாரு. யாருக்குங்கண்ணா அனுப்பறீங்கன்னேன். சேலத்து பழனிக்குன்னாரு. இத்தன சாதுவா இருக்கறத பாத்தா அந்தாளு காலைல மொத ஆளா வந்து நிப்பாருன்னாரு. பிஜிலி ஒழுங்கா இருந்தா இங்க இருக்கலாம்னு நெனச்சு நான் ஒழுங்கா இருக்க வச்சேன். ஒழுங்கா இருக்கறதாலதான் அது போவப் போவுது. வச்சுக்கலாம்னு சொன்னீங்களேண்ணான்னேன். பாக்கலாம்னுதான் சொன்னேன், பாத்துட்டேன்ல, இவ்ளோ தீனிக்கு நான் எங்க போறதுன்னாரு. அதுலயும் ஞாயம் இருக்குது, அதான் கோவமா வருது. போற போக்குல என் தோள தட்டிட்டுப் போனாரு: "பாத்தியா ஜெனி, மாப்பிள்ளைய தூக்கறதுக்குன்னே பொறந்திருக்குது."

வால்

ஞாயித்துக்கெழம காலைல லாயத்துக்குப் போனா மாதையண்ணன் பிஜிலிய தேச்சுக் குளிப்பாட்டிக்கிட்டிருக்காரு. அவருக்கும் விசயம் தெரிஞ்சு போச்சு. நான் பிடரி முடிய சீவி விட்டேன். போற அன்னிக்காச்சும் அழகா போவட்டும், மேட்ச் ஆட வந்திருக்கற பெங்களூர் குதிரைங்களுக்கு மத்தியில இதுவும் தலை நிமுந்து நிக்கட்டும்னு எனக்கு ஒரு ஆசை. நான்தான் கேட்டேன், அண்ணா, அதுங்களுக்குக் கட்டியிருக்கற மாதிரியே இதுக்கும் கட்டி விடுங்களேன்னு.

அவரு பொட்டியில இருந்து பழைய செவப்பு பட்டைய எடுத்தாரு. நாலு காலுக்கும் சுத்துனாரு. வால சடை மாதிரி பின்னி, மடிச்சு, உருண்டையா கட்டி விட்டாரு. போலோ குதிரைக்கு அப்படித்தான் கட்டுவாங்க, வாலு மட்டையில மாட்டிக்கக் கூடாதுல்ல. கட்டி முடிச்சதும் பிஜிலி கழுத்த தூக்கி, மூக்க விரிச்சு, தரைய ஒரு காலால தட்டுச்சு. எங்களுக்கு அது அழகாத்தான் தெரிஞ்சுது. அது எதுக்கு அப்படிப் பண்ணுதுன்னு ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல. மாதையண்ணன் துண்டால மூஞ்சிய தொடச்சுக்கிட்டாரு: "போற எடத்துல இத யாரு இப்புடி பாக்கப் போறாங்க. இன்னிக்கு ஒரு நாளு மகாராணியா நிக்கட்டும் பாப்பா."

கள்ளாட்டம்

ஏரியில அப்படி ஒரு கூட்டம். போலோன்னா என்னன்னு ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. எருது விடும் விழான்னா எல்லாருக்கும் தெரியும். அதனால அந்த முறைப்படியே எல்லாம் நடந்துச்சு. பசங்க ரெண்டு பக்கமும் சந்து விட்டு வரிசை கட்டி நின்னு, தலைத்துண்ட சுழட்டுனாங்க. குதிரை கிட்ட வந்தா தொட்டுப் பாக்கணும்னு ஒரு கோஷ்டி. குமாரு மைக்குல ஒவ்வொரு குதிரைக்கும் ஓனரு பேரு, ஊரு, இதுக்கு முன்னாடி எந்தெந்த ஊருல ஜெயிச்சுதுன்னு கேட்டுக் கேட்டு வாங்கிச் சொல்லிக்கிட்டிருந்தான். பெங்களூர்க்காரங்களுக்கு ஒரே சந்தோசம். அவங்க ஊருல அவங்களுக்கு இவ்ளோ கூட்டம் வந்ததே இல்லியாம்.

மொத ரவுண்டு முடிஞ்சுது. ஆட்டக்காரங்க எறங்கி வேற குதிரையில ஏறுனாங்க. அதுதான் ரூல், ஒரே குதிரை தொடர்ந்து ஓட முடியாது. உடனே முன்வரிசையில உக்காந்திருந்த ஒரு பெரியவரு கோவமா எந்திரிச்சுட்டாரு. அவரு வூட்டு எருது பல ஊருல பரிசு வாங்குனது. அவர சமாதானப்படுத்த குமாரு மைக்க விட்டுட்டு ஓடி வந்தான். அவரு ஒத்துக்கவே இல்ல: "ஆளு அதே ஆளு, மாட்ட மட்டும் மாத்தறானுங்க. எங்க ஊருல இதுக்குப் பேரு கள்ளாட்டம்."

டீச்சர் தடுத்த கோல்

அதுக்கப்புறம்தான் அந்த ரெண்டாவது மணி. இப்ப உங்களுக்கு விளங்கியிருக்கும். வால கட்டி, காலுக்குப் பட்டை சுத்தி, ஏரிக்குக் கூட்டியாந்து, மணியையும் அடிச்சா போலோ ஆடுன குதிரை என்னா நெனைக்கும். இத்தன வருசம் கழிச்சு நம்மள கூப்புட்டாங்கன்னுதான் நெனைக்கும். லாயத்துலயே வேல பாத்த மாதையண்ணனுக்குத் தெரியாத சங்கதி இல்ல. அழுகையில மறந்துட்டாரு.

பிஜிலி நேரா பந்துக்குப் போச்சு. மீசை வச்ச ஒரு கேப்டன் பந்த ஓட்டிக்கிட்டு கோல பாத்துப் போறாரு. இது பின்னால போயி, பக்கத்துல சேந்து, தோளோட தோளு வச்சு ஒரு தள்ளு. அழகா, மெத்துனு, அவர கோடு மாத்தி விட்டுருச்சு. அவரு அடிச்ச அடி காத்துல போச்சு. கூட்டம் துண்ட வானத்துக்கு எறியுது. பிரதீப்பு தொடை வலிய மறந்து குதிரை மேல எந்திரிச்சு நின்னு வீடியோ எடுக்கறாரு. அம்பயரு விசில ஊதுனதும் பிஜிலி நின்ன எடத்துலயே நின்னுச்சு, அதுக்கு ரூல் தெரியும். டீச்சர் மட்டும் நிக்காம கழுத்து வரைக்கும் போயிட்டாங்க. ரெண்டு கையாலயும் கழுத்த கட்டிப் புடிச்சுக்கிட்டு, விழாம, மெதுவா பின்னால நகுந்து வந்து உக்காந்தாங்க. ஹெல்மெட்டு ஒரு பக்கமா, கண்ணாடி ஒரு பக்கமா.

நான் போயி கடிவாளத்த புடிச்சேன். கேப்டன் குதிரைய திருப்பிக்கிட்டு வந்து, என் கோல கெடுத்துட்டாங்கன்னு கத்தறாரு. எதிர் டீமு, அதெல்லாம் சரியான தடுப்புதான்னு கத்துது. அம்பயரு ரெண்டு பக்கமும் கேட்டுட்டு, டீச்சர் பக்கம் திரும்பி ரொம்ப மரியாதையா சொன்னாரு: "மேடம், நீங்க பண்ணது ஃபவுல் இல்ல. நீங்க இங்க இருக்கறதுதான் ஃபவுல்."

சேலத்துப் பழனி

கரைக்கு வந்து டீச்சர எறக்குனோம். அப்பதான் கண்ணுல பட்டாரு. வெள்ளச் சட்ட, கையில கட்டுக் கயிறு, புதுசா ஒரு ஜிகினா முகப்பட்டம். சேலத்துப் பழனி. கோல் கம்பத்துப் பக்கத்துலயே நின்னு எல்லாத்தையும் பாத்திருக்காரு. பின்னாடி அவரு கொண்டாந்த வண்டி, கதவு தெறந்தபடி. முருகேசண்ணன் மூஞ்சி செத்துப் போச்சு. எனக்கும்தான். கஸ்டமர கொல்லப் பாத்த குதிரைன்னு ஆயிப் போச்சு, இனி பண்ணையில வைக்க அண்ணன் எப்புடி ஒத்துக்குவாரு. இப்பவே ஏத்தி அனுப்பிருவாருன்னுதான் நெனச்சேன்.

அண்ணன் சமாளிக்கப் பாத்தாரு. இன்னிக்கு என்னமோ இப்படி ஆயிருச்சுங்க, ரெண்டு நாளா பசு மாதிரி இருந்துச்சு, வீடியோ பாத்தீங்கல்லன்னாரு. பழனி பிஜிலிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. நல்ல குதிரைதான், லட்சணமான குதிரைன்னு நெத்திய தடவிக் குடுத்தாரு. முகப்பட்டத்த மடிச்சு கக்கத்துல வச்சுக்கிட்டாரு. "கல்யாண வூட்டுல பேண்டு அடிப்போம், வெடி போடுவோம், பக்கத்துல கோயில் மணி அடிப்பான். இது மாப்பிள்ளைய மண்டபத்துல எறக்காதுங்க, ஓமலூரு தாண்டி கொண்டு போயி எறக்கும். பொண்ணு வூட்டுக்காரங்க எங்கழுத்த புடிப்பாங்க. எனக்கு வேணாம் சாமி."

பிளாஸ்டிக் சேரு

பழனி வண்டி காலியா போயிருச்சு. அண்ணன் வண்டிய பாக்கறாரு, குதிரைய பாக்கறாரு, என்ன பாக்கறாரு. என் மூஞ்சிய நான் எவ்ளோ சோகமா வச்சுக்கப் பாத்தாலும் வரல. அவருக்கு அடுத்த பயம் டீச்சர். புளியமரத்தடியில பிளாஸ்டிக் சேருல உக்காந்து கோலி சோடா குடிச்சுக்கிட்டிருந்தாங்க. அண்ணன் கைய கட்டிக்கிட்டு முன்னாடி போயி நின்னாரு, ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்குக் கூப்புட்ட பையன் மாதிரி. தப்பு எங்களோடதுதாங்க டீச்சர், பொண்ணுகிட்ட சொல்ல வேணாங்க, அந்தக் குதிரை மேல இனி ஆளு ஏத்தவே மாட்டோம்னு அடுக்கிக்கிட்டே போறாரு. நான் மாதா படத்த புடிச்சுக்கிட்டேன். மாதையண்ணன் முனியப்பனுக்கு இன்னொரு கெடா சேத்திருப்பாருன்னு நெனைக்கறேன்.

டீச்சர் சோடாவ முழுசா குடிச்சு முடிச்சாங்க. கைய துப்பட்டாவுல தொடச்சாங்க. பிஜிலி இன்னமும் ஏரியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு, மூச்சு வாங்குது, கண்ணு மின்னுது. அத கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "இத்தன வருசமா மணி அடிச்சா எல்லாம் வெளிய ஓடறதைத்தான் பாத்திருக்கேன். மணி அடிச்சதும் உள்ள ஓடறத இன்னிக்குத்தான் பாக்கறேன். அடுத்த தடவ வர்றப்ப எனக்கு இதேதான் வேணும். நடக்கறதுக்கு மட்டும்."

அண்ணன் தலைய சொறிஞ்சாரு. வண்டி போன தெசைய ஒருக்கா பாத்தாரு. அடுத்த மணி அடிக்கறதுக்கு ஆளு எந்திரிக்கறத பாத்ததும்தான், இது மறுபடி ஓடிருமேன்னு அவருக்குச் சுருக்குன்னுச்சு. திரும்பி மாதையண்ணன பாத்து ஒரு சத்தம் போட்டாரு: "என்னத்த பாத்துக்கிட்டு நிக்கற, மொதல்ல அந்த வால அவுத்து விடுய்யா. நம்ம குதிரைய நாமதான பாத்துக்கணும்."

இந்தத் தொழில்ல நான் கத்துக்கிட்டது இவ்ளோதாங்க: குதிரைய ரொம்ப சாதுவா பழக்கிட்டா வித்துருவாங்க, கொஞ்சம் கோணலா விட்டு வச்சாத்தான் கூடவே வச்சுக்குவாங்க.